இன்பாக்ஸ் நிரம்பிவிட்டதா? காசு கட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்

"உங்கள் சேமிப்பிடம் நிரம்பப் போகிறது" என்று மெயிலின் தலைமேல் ஒரு பட்டை வந்து உட்கார்ந்ததும் பெரும்பாலானவர்கள் செய்வது இரண்டில் ஒன்றுதான். கண்ணில் பட்ட இருபது முப்பது மெயில்களை அவசர அவசரமாக அழித்துவிட்டு, பட்டை இன்னும் போகவில்லையே என்று விழிப்பார்கள். இல்லாவிட்டால் பக்கத்திலேயே தயாராக இருக்கும் 'கூடுதல் இடம் வாங்கு' பொத்தானை அழுத்திவிடுவார்கள். இடம் வாங்குவது தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் அது ஒருமுறை கட்டிவிட்டு மறந்துவிடும் காசு இல்லை, வருடாவருடம் போய்க்கொண்டே இருக்கும், இடம் கூடியதும் நாமும் இன்னும் தாராளமாகக் குவிக்க ஆரம்பிப்போம், அப்புறம் நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாது.

இந்தக் கட்டுரை புதிதாக மெயில் பயன்படுத்துபவர்களுக்கும், பல வருடமாகப் பயன்படுத்தியும் செட்டிங்ஸ் பக்கம் எட்டிப் பார்க்காதவர்களுக்கும். ஜிமெயிலை வைத்தே அதிகம் சொல்லியிருக்கிறேன், மற்ற சேவைகளில் வேறுபடும் இடங்களையும் சொல்கிறேன். கணினி முன்னால் உட்கார்ந்து செய்யுங்கள். ஃபோன் ஆப்பில் மொத்தமாக அழிக்கும் வசதிகள் சரியாகக் கிடையாது, விரல்தான் வலிக்கும்.

அழிக்காதே என்று பழக்கியதே மெயில் நிறுவனங்கள்தான்

கொஞ்சம் பழைய கதை, ஆனால் தெரிந்துகொண்டால் இன்றைய நிலைமை புரியும். 1996இல் வந்த ஹாட்மெயில் கொடுத்த இடம் 2 எம்பி. யாஹூ மெயில் 2004 வாக்கில் 4 எம்பி கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று ஃபோனில் எடுக்கும் ஒரே ஒரு படம் அந்தப் பெட்டியை நிரப்பிவிடும். ஆக, அப்போது மெயில் வைத்திருந்தவர்களுக்குப் படித்ததும் அழிப்பதுதான் வழக்கம், வேறு வழியே இல்லை.

2004 ஏப்ரல் 1ஆம் தேதி கூகுள் 1 ஜிபி (சுமார் ஆயிரம் எம்பி) இடத்தோடு ஜிமெயிலை அறிவித்தபோது முட்டாள்கள் தின விளையாட்டு என்று பலர் நம்பவே மறுத்தார்கள். இனி எதையும் அழிக்க வேண்டாம், தேடினால் கிடைத்துவிடும் என்பதுதான் அவர்கள் விற்ற கனவு. ஆரம்பத்தில் அழிக்கும் பொத்தானைக்கூட வெளியில் வைக்காமல் ஒரு மெனுவுக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். போட்டியாளர்கள் சும்மா இருப்பார்களா? இரண்டு மூன்று மாதத்துக்குள் யாஹூ 100 எம்பிக்குப் போனது, ஹாட்மெயில் 250 எம்பி தருவதாக அறிவித்தது. அடுத்த வருடம் அதே ஏப்ரல் 1இல் ஜிமெயில் 2 ஜிபி என்றது, முகப்பில் நொடிக்கு நொடி இடம் கூடிக்கொண்டே போவதைக் காட்டும் ஒரு எண்ணையும் ஓடவிட்டது. 2007இல் யாஹூ 'எல்லையே இல்லை' என்று அறிவித்தது. 2013இல் அந்த 'எல்லையில்லாதது' 1 டிபி (சுமார் ஆயிரம் ஜிபி) ஆனது. 2025இல் அதே யாஹூ இலவசக் கணக்குகளுக்கு 20 ஜிபி என்று குறைத்துவிட்டது. எல்லையில்லாமல் தொடங்கி இருபதில் வந்து நின்ற கதை.

கூகுளும் 2013இல் மெயில், டிரைவ் (கோப்புகளை இணையத்தில் வைக்கும் இடம்), படங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபி என்று ஒரே பொதுக் கணக்காக்கியது. அந்த 15 இன்றுவரை 15தான். இதற்கிடையில் ஃபோன் கேமராக்கள் எங்கேயோ போய்விட்டன, வீடியோக்கள் பெருத்துவிட்டன. கூகுள் போட்டோஸில் 'உயர் தரம்' என்ற பெயரில் எவ்வளவு படம் வேண்டுமானாலும் இலவசம் என்ற சலுகை 2021 ஜூன் 1ஆம் தேதியோடு நின்றது. ஆண்ட்ராய்டு ஃபோனில் வாட்ஸ்அப் பேக்கப் இந்த இடக் கணக்கில் சேராது என்றிருந்ததும் 2024இல் முடிந்துபோனது, இப்போது அதுவும் இதே 15க்குள்தான் விழுகிறது.

முதலில் அள்ளிக் கொடுத்துப் பழக்கினார்கள், சேர்ந்த பிறகு வாடகை கேட்கிறார்கள், அவ்வளவுதான் விஷயம். கோபப்பட்டுப் பயனில்லை. அழிக்கவும் நகல் எடுக்கவும், வேண்டுமானால் வேறு இடத்துக்குக் கிளம்பவும் தெரிந்திருந்தால் காசு கட்டுவதா வேண்டாமா என்பதை நாம் முடிவு செய்யலாம். தெரியாவிட்டால் அந்தப் பட்டை முடிவு செய்யும்.

முதல் வேலை: இடத்தைத் தின்பது யார் என்று பாருங்கள்

மெயிலை அழிக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, மெயில் பட்டியலின் கீழே அடிவரைக்கும் போங்கள். 15 ஜிபியில் இவ்வளவு பயன்பட்டிருக்கிறது என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதைச் சொடுக்கினால் டிரைவ், ஜிமெயில், போட்டோஸ் ஒவ்வொன்றும் எவ்வளவு எடுத்திருக்கிறது என்று நிறம் பிரித்துக் காட்டும் பக்கம் வரும். ஃபோனில் என்றால் மேலே மூலையில் இருக்கும் உங்கள் படத்தைத் தொட்டால் அங்கேயே சதவீதம் தெரியும்.

நிறையப் பேருக்கு இங்கேயே கண் திறந்துவிடும். பட்டை வந்தது மெயிலில், ஆனால் மெயில் எடுத்திருப்பது 2 ஜிபி, படங்கள் எடுத்திருப்பது 11 ஜிபி என்றால் நாள் முழுக்க உட்கார்ந்து மெயில் அழித்து என்ன லாபம்? அப்படி இருந்தால் போட்டோஸ் ஆப்பின் பேக்கப் செட்டிங்ஸுக்குப் போய், அசல் தரத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள், 'ஸ்டோரேஜ் சேவர்' என்று மாற்றினால் இனி ஏறுவது மெலிதாகும். வாட்ஸ்அப்பில் சாட் பேக்கப் பகுதியில் வீடியோக்களையும் சேர்த்து எடுக்கும் ஒரு சுவிட்ச் உண்டு, அதை அணைத்துவிடுங்கள். குடும்பக் குழுவில் தினமும் வந்து விழும் காலை வணக்க வீடியோக்களுக்கெல்லாம் மேகத்தில் (அதாவது இணையச் சேமிப்பிடத்தில்) பேக்கப் தேவையில்லை என்பது என் கருத்து.

ஐஃபோன்காரர்களுக்கு இது இன்னும் நெருக்கடி. ஆப்பிளின் இணையச் சேமிப்பிடமான ஐகிளவுடின் இலவச இடம் 2011இல் தொடங்கியபோதும் 5 ஜிபி, இன்றும் 5 ஜிபி, அதற்குள் ஃபோன் பேக்கப், படங்கள், மெயில் எல்லாம் வந்தாக வேண்டும். ஃபோனின் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டு ஐகிளவுட் என்பதற்குள் போனால் யார் எவ்வளவு எடுத்திருக்கிறார்கள் என்று தெரியும். பெரும்பாலும் குற்றவாளி மெயிலாக இருக்காது.

அவுட்லுக்கில் (பழைய ஹாட்மெயில்தான்) இடத்துக்கு இரண்டு கணக்கு. மெயிலுக்கு 15 ஜிபி, ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டின் கோப்புக் கிடங்கு) உள்ளிட்ட மேகத்துக்கு 5 ஜிபி. 2023 பிப்ரவரியிலிருந்து மெயிலோடு வரும் அட்டாச்மென்ட்கள் அந்த 5 ஜிபியிலும் எண்ணப்படுகின்றன. ஆகவே மெயில் பெட்டி பாதிகூட நிரம்பாமல் இருக்கும்போதே 'நிரம்பிவிட்டது' என்று சொல்லும், திகைக்காதீர்கள், செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்து எந்தக் கணக்கு நிரம்பியது என்று பாருங்கள்.

நிரம்பினால் என்ன ஆகும்?

இருக்கும் மெயில் உடனே அழிந்துபோகாது. புது மெயில் அனுப்ப முடியாது, வரவும் வராது. உங்களுக்கு யாராவது அனுப்பினால், அவருடைய சர்வர் (மெயிலைக் கொண்டுசேர்க்கும் கணினி) சில நாள் விட்டுவிட்டு முயற்சி செய்து பார்த்துவிட்டு அவருக்கே திருப்பிக் கொடுத்துவிடும், அல்லது உடனேயே திருப்பிவிடும். உங்களுக்கு எந்தத் தகவலும் இருக்காது. பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று ஒரு தளத்தில் அழுத்திவிட்டு ஓடிபிக்காகக் காத்திருக்கும்போதுதான் விஷயமே தெரியவரும். அப்படியே இரண்டு வருடம் எல்லைக்கு மேலேயே விட்டுவைத்தால் உள்ளே இருப்பதை அழிக்கவும் கூகுளின் விதிகளில் இடமிருக்கிறது.

அழிப்பது: எண்ணிக்கையை விடுங்கள், எடையைப் பாருங்கள்

வெறும் எழுத்து மட்டும் இருக்கும் ஒரு மெயில் சில கேபிதான். படங்கள், வண்ணங்கள் வைத்த விளம்பர மெயில் ஒன்று 50 கேபி என்று வைத்துக்கொள்வோம். 20 எம்பி வீடியோ ஒட்டிய ஒரு மெயிலை அழிப்பதும், அப்படிப்பட்ட 400 விளம்பர மெயில்களை அழிப்பதும் ஒன்றே. அட்டாச்மென்ட் மெயிலில் ஏறும்போது எழுத்து வடிவத்துக்கு மாற்றப்படுவதால் அசல் கோப்பைவிட மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால் கனமானவை முதலில்.

ஜிமெயிலில் அளவுவாரியாக வரிசைப்படுத்தும் வசதி கிடையாது. இத்தனை வருடத்தில் ஏன் வைக்கவில்லை என்பதற்கு நானாக ஒரு காரணம் யூகித்து வைத்திருக்கிறேன், உங்களுக்கும் அதே யூகம் வந்திருக்கும். சரி, வரிசைதான் இல்லையே தவிர தேட முடியும். தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் கோடுகளும் புள்ளிகளுமாக ஒரு சின்னம் இருக்கும், அதைச் சொடுக்கினால் ஒரு படிவம் விரியும். அதில் 'சைஸ்' என்ற வரியில் 'கிரேட்டர் தேன்' (greater than) என்பதை வைத்து, எண்ணில் 10, அலகில் எம்பி என்று கொடுத்துத் தேடுங்கள். 10 எம்பிக்கு மேல் உள்ளவை மட்டும் வரும். கூகுளின் ஸ்டோரேஜ் பக்கத்திலும் 'பெரிய அட்டாச்மென்ட் உள்ள மெயில்கள்' என்று தனியாகக் காட்டும் இடம் இருக்கிறது, புதியவர்களுக்கு அது இன்னும் எளிது.

இப்போது நில்லுங்கள். அழிப்பதற்கு முன் ஒரு செட்டிங்கை மாற்ற வேண்டும், இதைப் பலர் சொல்வதில்லை. ஜிமெயில் ஒரே தலைப்பில் வந்த மெயில்களை ஒரு கொத்தாகக் கட்டி ஒரே வரியாகக் காட்டுகிறது. நீங்கள் தேடியது அந்தக் கொத்தில் இருக்கும் ஒரே ஒரு கனமான மெயிலை, ஆனால் அந்த வரியைத் தேர்ந்து அழித்தால் கொத்து மொத்தமும் போய்விடும். 'கல்யாணப் படங்கள்' என்ற தலைப்பில் ஆரம்பித்த ஒரு மெயிலுக்குப் பதில், பதிலுக்குப் பதில் என்று நீண்டு, ஒன்பதாவது மெயிலில் யாரோ வீட்டுப் பத்திரத்தின் விவரத்தை எழுதியிருப்பார், அதுவும் படங்களோடு சேர்ந்து போய்விடும். ஆகவே செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியில் 'கான்வர்சேஷன் வியூ' என்பதை அணைத்துவிட்டு, மாற்றத்தைச் சேமித்துவிட்டு வாருங்கள். இனி ஒவ்வொரு மெயிலும் தனி வரி. வேலை முடிந்ததும் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

பிறகு பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை கண்ணால் ஓட்டுங்கள். வேண்டியது ஏதாவது இருந்தால் அந்த அட்டாச்மென்டைக் கணினியில் இறக்கிக்கொள்ளுங்கள். இறக்கிய கோப்பைத் திறந்து பாருங்கள், அப்புறம் அழியுங்கள். மெயிலை வைத்துக்கொண்டு அட்டாச்மென்டை மட்டும் கழற்றும் வசதி ஜிமெயில் தளத்தில் இல்லை.

10 எம்பி முடிந்ததும் 5 எம்பி என்று தேடுங்கள். அடுத்து 'சென்ட்' பகுதி. நாம் அனுப்பியதும் நம் கணக்கில்தான் ஏறும் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. ஒரே விண்ணப்பத்தை ஐந்து பேருக்குத் தனித்தனியாக அனுப்பியிருந்தால் ஐந்து நகல். ஒரு மெயிலுக்குப் பதில் எழுதினால் பழைய அட்டாச்மென்ட் கூடப் போகாது, ஃபார்வர்டு செய்தால் போகும், ஆக ஃபார்வர்டு செய்யும் பழக்கம் உள்ளவர்களின் சென்ட் பெட்டி நல்ல வேட்டைக்காடு.

விளம்பரங்களுக்கு வருவோம். எடை குறைவுதான், ஆனால் பத்து வருடக் குவியல் என்றால் அதுவும் ஜிபி கணக்கில் இருக்கும். 'ப்ரமோஷன்ஸ்' பகுதியைத் திறந்து, மேலே இருக்கும் கட்டத்தை டிக் செய்தால் அந்தப் பக்கத்தில் தெரிபவை மட்டும் தேர்வாகும், வழக்கமாக ஐம்பது. அப்போது பட்டியலுக்கு மேலே ஒரு வரி முளைக்கும், இந்தப் பகுதியில் உள்ள அத்தனையையும் தேர்ந்தெடு என்று. அதைச் சொடுக்கினால்தான் ஆயிரக்கணக்கில் தேர்வாகும். பயமாக இருந்தால் ஒவ்வொரு நிறுவனமாக, அனுப்புநர் முகவரியை வைத்துத் தேடி அழியுங்கள், பில், டிக்கெட் போன்றவை தப்பித்துவிடும். நான் இரண்டாவது வழியைத்தான் பரிந்துரைப்பேன், மெதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

இரண்டு விஷயம் மனதில் இருக்கட்டும். 'ஆர்கைவ்' என்பது அழிப்பது அல்ல, இன்பாக்ஸிலிருந்து மறைப்பது, அதனால் ஒரு கேபிகூட மிச்சமாகாது. அழித்த மெயில் டிராஷுக்குத்தான் போகும், அங்கே 30 நாள் இருக்கும், அதுவரை உங்கள் 15 ஜிபியில்தான் எண்ணப்படும், ஸ்பேமில் இருப்பதும் அப்படியே. ஆகவே கடைசியில் டிராஷைத் திறந்து மேலே இருக்கும் 'எம்ப்டி டிராஷ்' என்பதை அழுத்தினால்தான் இடம் வரும். அதையும் அன்றைக்கே செய்யாதீர்கள், அவசரம் இல்லையென்றால் இரண்டு நாள் கிடக்கட்டும், தப்பாகப் போனது ஏதாவது இருந்தால் அதற்குள் நினைவுக்கு வரும். காலி செய்த பிறகும் அந்த எண் உடனே குறையாமல் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளும்.

அவுட்லுக்கில் இதெல்லாம் சுலபம், அந்தப் பாராட்டைக் கொடுத்தே ஆக வேண்டும். பட்டியலை அளவுவாரியாக வரிசைப்படுத்தலாம். ஸ்டோரேஜ் பக்கத்தில் ஒவ்வொரு ஃபோல்டரும் எவ்வளவு எடுத்திருக்கிறது என்று காட்டி, பக்கத்திலேயே காலி செய்யும் பொத்தானும் இருக்கும், 3 மாதம், 6 மாதம், 12 மாதத்துக்கு முந்தையவை மட்டும் என்றும் சொல்லலாம். 'ஸ்வீப்' என்று ஒரு பொத்தான் உண்டு: ஒரு அனுப்புநரின் மெயில்களில் கடைசியாக வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் பெருக்கித் தள்ளிவிடும், அல்லது 10 நாளுக்கு மேல் ஆனதைத் தானாகவே தூக்கிவிடும். தினசரி செய்தி மடல் வாங்குபவர்களுக்கு அருமையான வசதி. யாஹூவில் அட்டாச்மென்ட் உள்ளவற்றை முன்னால் கொண்டுவந்து பார்க்கலாம், அங்கிருந்து தொடங்குங்கள்.

வந்து குவிவதைக் குறையுங்கள்

ஜிமெயிலின் இடப்பக்க மெனுவில் 'மேனேஜ் சப்ஸ்க்ரிப்ஷன்ஸ்' என்று இருக்கும், யார் யார் எவ்வளவு அனுப்புகிறார்கள் என்று பட்டியல் போட்டு, பக்கத்திலேயே 'அன்சப்ஸ்க்ரைப்' பொத்தானும் கொடுத்திருப்பார்கள். 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் மொத்தமாக விளம்பர மெயில் அனுப்புபவர்களுக்கு, ஒரே சொடுக்கில் விலகும் வசதி இருந்தாக வேண்டும் என்று விதி கொண்டுவந்தன. அதனால் முன்புபோல் நான்கு பக்கம் தாண்டிப் போய்க் காரணம் எழுதவேண்டிய தொல்லை பெருமளவு குறைந்துவிட்டது.

நீங்களாகச் சேர்ந்த, பெயர் தெரிந்த நிறுவனத்துக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத மெயிலுக்குள் இருக்கும் விலகல் சுட்டியைத் தொடவேண்டாம், இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று நீங்களே சொல்லிக் கொடுத்தது போலாகிவிடும். அதை ஸ்பேம் என்று குறித்துவிடுங்கள், போதும்.

பெரிய கோப்பு அனுப்ப வேண்டியிருந்தால் அட்டாச்மென்டாக ஒட்டாமல் டிரைவ், ஒன்டிரைவ் போன்ற ஒன்றில் ஏற்றிச் சுட்டி அனுப்புங்கள். அவர் எடுத்துக்கொண்டதும் அந்த ஒரு கோப்பை அழித்தால் முடிந்தது.

ஒரு நகல் உங்கள் கையில்

எவ்வளவு அழித்தாலும் 'வேண்டும், ஆனால் தினமும் வேண்டாம்' என்ற வகை ஒன்று மிஞ்சும். அதைக் கணினிக்கோ தனி ஹார்டு டிஸ்க்குக்கோ மாற்றிவிடலாம். இரண்டு வழி.

எளிதான வழி கூகுள் டேக்அவுட், நம்முடையதை மொத்தமாக இறக்கித் தரும் கூகுளின் பக்கம். அந்தப் பக்கத்தைத் திறந்தால் கூகுளில் உங்களுடையது அத்தனையும் டிக் செய்யப்பட்டிருக்கும். முதலில் எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு மெயிலுக்கு மட்டும் போடுங்கள். குறிப்பிட்ட லேபிள்கள் மட்டும் போதும் என்றாலும் தேர்ந்தெடுக்கலாம். எங்கே அனுப்பட்டும் என்று கேட்கும்போது பதிவிறக்கச் சுட்டி என்பதை வையுங்கள், 'டிரைவில் சேர்' என்று கொடுத்துவிட்டால் நிரம்பிய பெட்டிக்குள்ளேயே இன்னொரு மூட்டை வந்து விழும். தயாராக சில மணி நேரமோ ஓரிரு நாளோ ஆகலாம், தயாரான சுட்டி ஒரு வாரம் போல்தான் உயிரோடு இருக்கும். இறங்கி வருவது எம்பாக்ஸ் என்ற வகைக் கோப்பு, இரண்டு முறை சொடுக்கினால் திறந்துவிடாது, தண்டர்பேர்டு என்ற இலவச மென்பொருளில் ஒரு துணைச் செருகி போட்டுப் பார்க்கலாம்.

இன்னொரு வழி தண்டர்பேர்டையே நேராகப் பயன்படுத்துவது, எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் பெரும்பாலான சேவைகளுக்கு ஒரே முறை. மென்பொருளை நிறுவி உங்கள் மெயில் முகவரியைக் கொடுத்தால் அதுவாகவே இணைத்துக்கொள்ளும். இடப்பக்கம் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்று ஒன்று இருக்கும், அதுதான் உங்கள் கணினிக்குள் இருக்கும் பெட்டி. அதற்குள் '2015 வரை' என்பது போல் ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, பழைய மெயில்களைத் தேர்ந்து அதற்குள் நகலெடுங்கள். நகர்த்தாதீர்கள், நகல்தான் எடுக்க வேண்டும். நடுவில் இணையம் அறுந்தால் நகர்த்தலில் எது வந்தது எது வரவில்லை என்று குழம்பிவிடும். எண்ணிக்கை சரியாக இருக்கிறதா, நடுவிலிருந்து நாலைந்தைத் திறந்தால் அட்டாச்மென்டோடு திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் மெயில் தளத்துக்குப் போய் அங்கிருப்பதை அழியுங்கள்.

ஒரு எச்சரிக்கை: லோக்கல் ஃபோல்டர்ஸுக்கு வெளியே, உங்கள் மெயில் கணக்கின் பெயருக்குக் கீழே தெரியும் இன்பாக்ஸ் என்பது சர்வரில் இருப்பதன் கண்ணாடி. கணினியில்தானே அழிக்கிறோம் என்று அங்கே அழித்தால் சர்வரிலும் அழிந்துவிடும், ஃபோனிலும் காணாமல் போய்விடும்.

காசு கட்டுவது எப்போது சரி

இவ்வளவும் செய்த பிறகும் படங்கள்தான் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன, அவற்றை மேகத்தில்தான் வைத்திருக்க வேண்டும் என்றால் தாராளமாகக் கட்டுங்கள், குடும்பத்தோடு பகிர்ந்துகொள்ளும் திட்டமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மெயிலுக்காக மட்டும் கட்டவேண்டிய அவசியம் சாதாரண ஆளுக்கு வராது. கட்டினால் காலாவதித் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். நிறுத்திய அன்றைக்கு இலவச எல்லைக்கு மேலே இருந்தால் மறுபடி மெயில் வருவது நின்றுவிடும்.

வேறு சேவைக்கு மாறலாமா?

எண்களை மட்டும் பார்த்தால் யாஹூவின் 20 பெரிது, ஜிமெயிலின் 15 அடுத்தது, ரகசியத்துக்குப் பெயர்போன புரோட்டான் மெயிலின் 1 ஜிபி மிகச் சிறிது. ஆனால் அந்த எண்ணுக்குள் என்னென்ன அடங்குகிறது என்பதைப் பாருங்கள். படங்களோடு பங்கு போடும் 15ஐவிட மெயிலுக்கென்றே ஒதுக்கிய 5 சில பேருக்குப் போதும். அடுத்து, வெளியேறும் கதவு எவ்வளவு அகலம்? புது முகவரிக்குத் தானாகத் திருப்பிவிடும் வசதி ஜிமெயிலில் இலவசம், யாஹூவில் 2021 முதல் அதற்குக் காசு கட்ட வேண்டும். புரோட்டானின் இலவசக் கணக்கைத் தண்டர்பேர்டில் இணைக்க முடியாது, அதற்குப் பாலமாக இருக்கும் மென்பொருள் காசு கட்டியவர்களுக்கு மட்டும்தான். ரகசியம் முக்கியம் என்பவர்கள் அதைத் தெரிந்தேதான் அங்கே போகிறார்கள், அது வேறு.

ஃபோன் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு நிறுவனத்தை மாற்ற முடிவது போல் மெயில் முகவரியை வைத்துக்கொண்டு சேவையை மாற்ற முடியாது. இந்தப் போட்டியில் நம் கை கட்டப்பட்டிருப்பது அந்த இடத்தில்தான். சொந்தமாக ஒரு டொமைன் பெயர் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பகுதி) வாங்கி அதில் முகவரி வைத்துக்கொண்டால் மட்டும் விடுதலை, பின்னால் இருக்கும் சேவையை எத்தனை முறை மாற்றினாலும் முகவரி மாறாது. வருடக் கட்டணம் உண்டு, புதுப்பிக்க மறந்தால் முகவரியே போய்விடும் என்ற ஆபத்தும் உண்டு. தொழில் செய்பவர்களுக்குச் சொல்வேன், மற்றவர்கள் யோசித்துச் செய்யுங்கள்.

மாறுவதென்று முடிவு செய்தால் வரிசை இது: புதுக் கணக்கைத் திறங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் பாதுகாப்பு) போடுங்கள், பழையதிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடுங்கள். ஜிமெயிலில் அது செட்டிங்ஸின் ஃபார்வர்டிங் பகுதியில் இருக்கிறது, புது முகவரிக்கு ஒரு உறுதிக் குறியீடு வரும், அதைக் கொடுத்தால்தான் வேலை செய்யும். பழைய மெயில்களைத் தண்டர்பேர்டு வழியாகவே புதுக் கணக்குக்கு இழுத்துப் போடலாம். எல்லாவற்றையும் இழுக்கவேண்டும் என்று ஆசைப்படாதீர்கள், வேண்டியதை மட்டும்.

சிரமமான பகுதி, எங்கெல்லாம் பழைய முகவரியைக் கொடுத்து வைத்திருக்கிறோம் என்று கண்டுபிடிப்பது. பழைய பெட்டியில் 'வெல்கம்', 'வெரிஃபை', 'பாஸ்வேர்டு ரீசெட்' போன்ற சொற்களை ஆங்கிலத்தில் தேடினால் நீங்களே மறந்துபோன கணக்குகள் எல்லாம் வெளியே வரும். பிரௌசரில் சேமித்து வைத்திருக்கும் பாஸ்வேர்டு பட்டியலையும் பாருங்கள். வங்கி, வரி, காப்பீடு, மருத்துவம் முதலில் மாற்றுங்கள், கடைகளும் ஆப்களும் அப்புறம் மாறட்டும். திருப்பிவிட்டது ஓடிக்கொண்டிருப்பதால் ஒரே நாளில் முடிக்கத் தேவையில்லை, பழைய முகவரிக்கு ஏதாவது வந்து விழும்போதெல்லாம் அதை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம்.

பழைய கணக்கை உடனே மூடாதீர்கள், சும்மா விட்டும் வைக்காதீர்கள். கூகுளில் இரண்டு வருடம், யாஹூவிலும் புரோட்டானின் இலவசக் கணக்கிலும் ஒரு வருடம் எட்டிப் பார்க்காமல் இருந்தால் அவர்கள் கைவைக்கலாம். கூகுள் ஒருமுறை பயன்பட்ட ஜிமெயில் முகவரியை வேறொருவருக்குக் கொடுப்பதில்லை. யாஹூ 2013இல் ஒரு வருடத்துக்கு மேல் தூங்கிய பெயர்களை எடுத்து வேறு ஆட்களுக்குக் கொடுத்தது. உங்கள் வங்கிக் கணக்கில் இன்னும் பழைய முகவரி இருந்து, அந்த முகவரி இன்னொருவர் கைக்குப் போனால் பாஸ்வேர்டு மாற்றும் சுட்டியும் அவருக்குத்தான் போகும். நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை உள்ளே நுழைந்து, ஒரு மெயிலைத் திறந்து பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். அப்போதே அந்த டிராஷையும் காலி செய்துவிடலாம்.